உயிர் காக்கும் நூறு மீட்டர்

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். இரண்டும் வெவ்வேறானவை. இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அவ்வேளையில் நோயாளிக்கு வலி இருக்கும். நினைவும் பெரும்பாலும் இருக்கும். மருத்துவமனைக்குச் செல்லச் சிறிது நேரமேனும் கிடைக்கும். இதய நிறுத்தம் அத்தகையதன்று. இதயத்தின் மின்னொழுங்கு திடீரெனக் குலைகிறது. கீழறைகள் சுருங்கி விரிவதை விடுத்து வெறுமனே நடுங்கத் தொடங்குகின்றன. குருதியோட்டம் நிற்கிறது. நின்றுகொண்டிருந்தவர் சில நொடிகளில் நினைவிழந்து சாய்கிறார். மாரடைப்பு இத்தகைய நிறுத்தத்திற்குக் காரணமாக அமைவதுண்டு. மாரடைப்பு இல்லாமலும் இது நேர்வதுண்டு.

நடுங்கும் இதயத்தை மீண்டும் ஒழுங்காகத் துடிக்கச் செய்ய மின்னதிர்ச்சி தேவை. முதலுதவி ஏதுமின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. அருகிலிருப்பவர் மார்பை அழுத்தி விடாமல் முதலுதவி செய்தால் அந்த இழப்பு மெதுவாகும், முற்றிலும் நின்றுவிடாது. பெருநகர ஒன்றில் தொலைபேசி அழைப்பு எடுக்கப்பட்டு, அவசர ஊர்தி புறப்பட்டு, போக்குவரத்து நெரிசலைக் கடந்து, அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கிக்காகக் காத்திருந்து நோயாளியை அடைவதற்குள் எத்தனை நிமிடங்கள் ஆகும் என்பதை நகரவாசி எவரும் ஊகிக்கலாம்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகப் பொது இடங்களில் வைக்கப்படுவதே தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி. ஏ.இ.டி. என்னும் சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. சிறு கைப்பெட்டி அளவே உடையது. மூடியைத் திறந்து இயக்கியதும் அது பேசத் தொடங்கும். இரண்டு ஒட்டுப்பட்டைகளை மார்பில் எங்கே ஒட்டுவது என்று சொல்லும். இதயத் துடிப்பைத் தானே ஆராய்ந்து, மின்னதிர்ச்சி தேவையென்றால் மட்டுமே அதைச் செலுத்த இசையும். தவறிப்போய் நலமாக இருப்பவருக்கு அதிர்ச்சி கொடுத்துவிடுவோமோ என்ற அச்சத்திற்கு அங்கே இடமில்லை.

கருவி எளிது. அதை எங்கே வைப்பது என்பதே கடினம். நகரில் உள்ள ஒவ்வொரு தூணிலும் ஒன்றை மாட்டிவைக்க எந்த நகராட்சியிடமும் பணம் இல்லை. ஓரிடத்தில் வைப்பதென முடிவு செய்தால் வேறோரிடத்தில் வைப்பதில்லை என்றும் சேர்த்தே முடிவு செய்கிறோம்.

தெரிந்து தெளிவோம்

1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாட் பெக் என்னும் அறுவை மருத்துவர், அறுவையின்போது இதயம் நின்றுபோன 14 வயதுச் சிறுவனின் திறந்த மார்புக்குள் மின்னதிர்ச்சி செலுத்தி அவனைப் பிழைக்கவைத்தார். 1956இல் பால் சோல் என்பவர் மார்பைத் திறக்காமலேயே அதைச் செய்துகாட்டினார். 1965இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் இக்கருவியை மருத்துவமனையிலிருந்து ஊர்திக்குக் கொண்டுவந்தார். மகிழுந்து மின்கலங்களால் இயங்கிய அக்கருவியின் எடை ஏறத்தாழ 70 கிலோகிராம்.

விமான நிலையமும் சூதாட்டக் கூடமும்

கருவி அருகிலிருந்தால் என்ன நிகழும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவை இரண்டு வகை இடங்கள். அமெரிக்காவின் சிகாகோ நகர விமான நிலையங்களில் 1999ஆம் ஆண்டு முதல் இக்கருவிகள் வைக்கப்பட்டன. ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு விரைந்து நடந்தால் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்தில் சென்றுவிடலாம் என்ற கணக்கில் அவை அமைக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளில் 21 பேருக்கு அங்கே இதய நிறுத்தம் நேர்ந்தது. அவர்களுள் 18 பேரின் இதயம் மின்னதிர்ச்சியால் மீட்கத்தக்க நடுக்க நிலையில் இருந்தது. 11 பேர் மீட்கப்பட்டனர். நால்வருக்கு அருகில் கருவி இல்லை, அல்லது ஐந்து நிமிடங்களுக்குள் அது பயன்படுத்தப்படவில்லை. அந்நால்வருள் ஒருவரும் பிழைக்கவில்லை. உயிர் மீண்ட பதினொருவருள் அறுவருக்கு உதவியோர் இக்கருவியைப் பயன்படுத்தப் பயிற்சி பெறாதவர்கள். அவர்களுள் மூவர் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்றோர் இடம், சூதாட்டக் கூடம். அங்கே எந்நேரமும் காவலர் இருப்பர்; ஒவ்வொரு மேசைக்கும் மேலே கண்காணிப்புப் படக்கருவி இருக்கும். ஒருவர் சாய்ந்த நொடியே யாரோ ஒருவர் பார்த்துவிடுவார். காவலர்களுக்கு மின்னதிர்ச்சிக் கருவியைக் கையாளப் பயிற்சி அளித்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. இதயக் கீழறை நடுக்கத்தால் விழுந்த 105 பேருள் 53 விழுக்காட்டினர் நலம்பெற்று வீடு திரும்பினர். விழும்போது பிறரால் காணப்பட்டு மூன்று நிமிடங்களுக்குள் முதல் அதிர்ச்சி பெற்றவர்களில் அது 74 விழுக்காடு. மூன்று நிமிடங்களுக்குப் பின் பெற்றவர்களில் 49 விழுக்காடு. பணத்தைக் காப்பதற்காக அமைக்கப்பட்ட கண்காணிப்பு, உயிரைக் காக்கவும் உதவியது.

ஆனால், ஒரு நகரம் விமான நிலையமும் அன்று. சூதாட்டக் கூடமும் அன்று. அங்கே யாரும் யாரையும் ஓயாது பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

எங்கே விழுகின்றனர்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரமும் அதைச் சூழ்ந்த கிங் மாவட்டமும் இவ்வினாவை எண்களால் அணுகின. 1990 முதல் 1994 வரை ஐந்து ஆண்டுகளில் அங்கே மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்த 7,185 இதய நிறுத்தங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் 1,130 மட்டுமே, அதாவது 16 விழுக்காடு மட்டுமே, பொது இடங்களில் நேர்ந்தவை. பன்னாட்டு விமான நிலையம், மாவட்டச் சிறை, பெரிய வணிக வளாகம், விளையாட்டு அரங்கு, பெரிய தொழிற்கூடம், கோல்ஃப் மைதானம், வீடற்றோர் தங்குமிடம், படகு மற்றும் தொடர்வண்டி நிலையம், உடற்பயிற்சிக் கூடம், முதியோர் கூடும் சமூக மையம் ஆகிய பத்து வகை இடங்களில் நிகழ்வு விகிதம் மிகுதியாக இருந்தது. இப்பத்து வகைகளில் இருந்தவை 172 இடங்கள். அங்கே ஐந்து ஆண்டுகளில் விழுந்தோர் 134 பேர். நிகழ்வு விகிதம் குறைந்த பிற வகைக் கட்டடங்களில் விழுந்தோர் 347 பேர். ஆனால், அவர்களைச் சென்றடைய 71,000க்கும் மேற்பட்ட இடங்களில் கருவி வைக்க வேண்டியிருந்திருக்கும். எஞ்சியோர் எந்தக் கட்டடத்தின் கணக்கிலும் சேராத சாலைகளிலும் வாகனங்களிலும் விழுந்தவர்கள்.

மேற்கண்ட பட்டியலில் சிறையும் வீடற்றோர் தங்குமிடமும் இடம்பெற்றிருப்பது நின்று நோக்கத்தக்கது. கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த ஆய்விலும் குதிரைப் பந்தயத் திடல், சூதாட்டக் கூடம், சிறை, தங்கும் விடுதி, வீடற்றோர் இல்லம் ஆகியவையே முன்னணியில் இருந்தன. ஒரு நன்கொடையாளர் தம் பெயர் பொறித்த கருவியை அன்பளிப்பாக வழங்க விரும்பினால் அவர் மனத்தில் முதலில் எழும் இடம் பள்ளியாகவோ பெருநிறுவன அலுவலகமாகவோ இருக்கும், சிறையாக இராது. பள்ளியில் இதய நிறுத்தம் அரிதாகவே நேர்கிறது. குழந்தைகள் மீதுள்ள பரிவு குறை கூறத்தக்கதன்று. எனினும் பரிவு காட்டும் இடமும் தேவை காட்டும் இடமும் ஒன்றாக அமைவதில்லை.

கணிதம் காட்டும் வழி

ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவை உள்ளடக்கிய டொராண்டோ, இத்துறையில் மிக விரிவாக ஆராயப்பட்ட நகரங்களுள் ஒன்று. டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டிமோதி சானும் அவருடைய குழுவினரும் 2005 டிசம்பர் முதல் 2010 ஜூலை வரை நகரின் பொது இடங்களில் நேர்ந்த 1,310 இதய நிறுத்தங்களை வரைபடத்தில் குறித்தனர். பதிவு செய்யப்பட்ட கருவிகள் இருந்த 1,669 இடங்களையும் அதே வரைபடத்தில் குறித்தனர். நிகழ்வுகளை விடக் கருவி இடங்கள் எண்ணிக்கையில் மிகுதி. ஆயினும், கருவியிலிருந்து 100 மீட்டருக்குள் நேர்ந்தவை 304 நிகழ்வுகளே. அதாவது 23 விழுக்காடு.

நூறு மீட்டர் என்ற அளவு எங்கிருந்து வந்தது? உதவ வருபவர் கருவி இருக்கும் இடத்திற்குச் செல்லவும் வேண்டும்; அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் வேண்டும். நூறு மீட்டர் என்பது உண்மையில் இருநூறு மீட்டர். விரைந்து நடந்தால் ஒரு வழிக்கு ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்கு மேல் தொலைவு கூடினால் கருவி கைக்கு வரும்போது பயன் மங்கியிருக்கும்.

கருவிகள் இத்துணை இருந்தும் நான்கில் மூன்று பங்கினருக்கு அவை எட்டாமற் போனதற்குக் காரணம், அவற்றை ஒருங்கே நோக்கி யாரும் இடம் தேர்ந்தெடுக்காமையே. ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டடத்தை மட்டும் நினைத்து வாங்கி வைத்தது. சில இடங்களில் அருகருகே பல கருவிகள். வேறு சில பகுதிகளில் ஒன்றுகூட இல்லை.

இத்தகைய சிக்கலுக்கான கணித வடிவத்தை 1974ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் சர்ச், சார்லஸ் ரெவெல் ஆகிய இருவரும் வகுத்துத் தந்திருந்தனர். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நிலையங்களைக் கொண்டு, குறிப்பிட்ட தொலைவுக்குள் இயன்ற அளவு மிகுதியான தேவைகளைச் சென்றடைவது எப்படி என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. தீயணைப்பு நிலையத்தை எங்கே அமைப்பது என்பது போன்ற திட்டமிடல்களுக்குப் பயன்பட்ட இம்முறையையே சானின் குழுவும் கையாண்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதற்குக் கணிதமே வேண்டாம் எனத் தோன்றும். மிகுதியானோர் விழுந்த இடத்தில் முதல் கருவியை வைக்கலாம். எஞ்சியவர்களுள் மிகுதியானோர் விழுந்த இடத்தில் இரண்டாவதை வைக்கலாம். இவ்வழி ஏன் போதாது என்பதை ஒரு கற்பனைத் தெருவைக் கொண்டு விளக்கலாம். நேரான தெரு ஒன்றின் தொடக்கத்திலிருந்து 0, 130, 150, 250, 270, 400 மீட்டர் தொலைவுகளில் ஆறு பேர் விழுந்துள்ளனர். நம்மிடம் இரண்டு கருவிகளே உள்ளன. தெருவில் 75, 200, 325 மீட்டர் தொலைவுகளில் உள்ள மூன்று கடைகள் கருவியை வைத்துக்கொள்ள முன்வருகின்றன. நடுக்கடை நால்வரை எட்டுகிறது. ஓரக் கடைகள் ஒவ்வொன்றும் மூவரை எட்டுகின்றன. ஆகவே, முதல் கருவியை நடுக்கடையில் வைக்கிறோம். இப்போது எஞ்சியவர்கள் தெருவின் இரு முனைகளிலும் உள்ள இருவர். இரண்டாம் கருவியை எந்த ஓரக் கடையில் வைத்தாலும் அவர்களுள் ஒருவர் விடுபடுவார். மொத்தம் ஐவர். நடுக்கடையை விட்டுவிட்டு இரண்டு ஓரக் கடைகளிலும் வைத்திருந்தால் ஆறு பேரும் நூறு மீட்டருக்குள் வந்திருப்பர். மிகச் சிறந்த ஒற்றை இடம், மிகச் சிறந்த இணையில் இடம்பெறவில்லை. மூன்று கடைகளில் இதைக் கையாலேயே கண்டுவிடலாம். ஆயிரக்கணக்கான கட்டடங்களும் நிகழ்வுகளும் உள்ள நகரில் கணினியின்றி இயலாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நேற்று ஒருவர் விழுந்த இடத்தில் நாளை இன்னொருவர் விழுவார் என்பதற்கு என்ன உறுதி? உறுதி ஏதுமில்லை. தனியொரு கட்டடத்தில் இந்நிகழ்வு பல ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட நேராமற் போகலாம். ஆனால் மக்கள் கூடும் இடங்களும் அவர்கள் நடக்கும் வழிகளும் நாளுக்கு நாள் மாறிவிடுவதில்லை. எனவே ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு புள்ளியாக மட்டும் கொள்ளாமல், மையிட்ட புள்ளி தாளில் ஊறிப் பரவுவதுபோல் சுற்றுப்புறத்திற்கும் பரப்பி, இடர் மிகுந்த பகுதிகளை மதிப்பிடுகின்றனர்.

பூட்டிய கதவு

வரைபடத்தில் தொலைவு இருக்கிறது, நேரம் இல்லை. அலுவலகத்தின் வரவேற்பறைச் சுவரில் இருக்கும் கருவி மாலையில் கதவு பூட்டப்பட்டதும் இல்லாத கருவியே. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1994 முதல் 2011 வரை பொது இடங்களில் நேர்ந்த 1,864 இதய நிறுத்தங்களில் 61.8 விழுக்காடு மாலை, இரவு, வார இறுதி ஆகிய நேரங்களில் நிகழ்ந்தவை. அங்குப் பதிவாகியிருந்த 552 கருவிகளுள் எந்நேரமும் எடுக்கத்தக்கவை 50 மட்டுமே. அலுவலக நேரத்திற்கு அப்பால் கருவியிலிருந்து 100 மீட்டருக்குள் விழுந்தோர் 320 பேர். அவர்களுள் 171 பேருக்கு அருகிலிருந்த கருவி பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது. நூறு மீட்டருக்குள் கருவி இருந்தும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இல்லாமற் போனது.

டொராண்டோவில் 2006 முதல் 2014 வரையிலான நிகழ்வுகளை ஆராய்ந்தபோதும் இதே உண்மை புலப்பட்டது. நாள் முழுதும் திறந்திருப்பதாகக் கொண்டால் கருவிக்கு அருகில் விழுந்தவர்கள் 451 பேர். திறந்திருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்ததும் அவ்வெண் 354 ஆகக் குறைந்தது. மறைந்த 97 என்னும் எண், தொண்ணூற்றேழு மனிதர்களைக் குறிக்கிறது.

ஆகவே, இடத்தைத் தேடும்போது கட்டடத்தின் பெருமையைவிட அது திறந்திருக்கும் நேரமே முதன்மையாகிறது. 2017இல் சானின் குழு டொராண்டோவின் வணிக நிறுவனங்களையும் நகராட்சி இடங்களையும் வரிசைப்படுத்தியபோது, பல கிளைகளைக் கொண்ட காப்பிக் கடைகளும் வங்கிகளின் ஏ.டி.எம். மையங்களும் முன்வரிசைக்கு வந்தன. அவை நகரெங்கும் பரவியுள்ளன. மக்கள் நடமாடும் தெருக்களில் உள்ளன. பெரும்பாலானவை இரவிலும் திறந்திருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. பதற்றத்தில் இருப்பவருக்கு, அடுத்த தெருவின் கட்டடத்தில் மூன்றாம் தளத்தில் கருவி இருக்கிறது என்று சொல்வதைவிட, அந்தக் காப்பிக் கடையில் இருக்கிறது என்று சொன்னால் உடனே விளங்கும்.

கருவி இருக்கும் இடத்தை அவசர அழைப்பு மையம் அறிந்திருப்பதும் இன்றியமையாதது. வாங்கி வைத்தவர் பதிவு செய்யாவிடில், தொலைபேசியில் வழிகாட்டுபவருக்கு அக்கருவி தெரியாது. மின்கலமும் ஒட்டுப்பட்டைகளும் காலாவதியாகக்கூடியவை என்பதால் அவற்றைப் பார்த்து மாற்றும் பொறுப்பும் ஒருவருக்கு இருக்க வேண்டும்.

யாருக்கு முதலில்?

இயன்ற அளவு மிகுதியானோரை எட்டுக என்று கணினிக்குக் கட்டளையிட்டால், அது கருவிகளை நகரின் நெரிசலான நடுப்பகுதியை நோக்கியே நகர்த்தும். அதில் பிழையில்லை, கேட்ட வினாவுக்கு அது சரியாகவே விடை சொல்கிறது. ஆனால், வீடுகள் விலகி விலகி இருக்கும் புறநகரில் வாழ்பவர் விழுந்தால்? அவருடைய தெருவில் கருவி வைத்தால் பத்தாண்டுகளில் ஒருவருக்குப் பயன்படலாம். நடுநகரில் வைத்தால் பலருக்குப் பயன்படலாம். மொத்த உயிர்களை எண்ணுவதா, ஒவ்வொருவருக்கும் ஓரளவு வாய்ப்பேனும் கிடைப்பதை உறுதிசெய்வதா? இவ்விரண்டும் நேர்மையான நோக்கங்களே. இரண்டையும் ஒருசேர முழுமையாக நிறைவேற்ற இருக்கும் பணம் போதாது. இவற்றுள் எதற்கு எவ்வளவு இடம் தருவது என்பதைக் கணினி முடிவு செய்யவியலாது. வரி செலுத்தும் மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்த மன்றமும்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏழ்மை இதை மேலும் சிக்கலாக்குகிறது. பிரித்தானியாவில் நடந்த ஆய்வுகள், வசதி குறைந்த பகுதிகளில் இதய நிறுத்தம் மிகுதியாகவும் கருவிகள் குறைவாகவும் இருப்பதைக் காட்டியுள்ளன. வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கி வைத்தால் போதும் என்று விட்டுவிட்டால் விளைவு இதுவாகவே இருக்கும்.

மக்கள் மிகவும் சிதறி வாழும் இடங்களுக்குக் கருவியை நிலையாக வைப்பதற்கு மாற்றாக அனுப்பிவைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 2021 டிசம்பரில் சுவீடனின் டிரோல்ஹெட்டன் நகரில், வீட்டுமுன் பனியை அகற்றிக்கொண்டிருந்தபோது விழுந்த 71 வயது முதியவருக்கு ஆளில்லா வானூர்தி ஒன்று கருவியைக் கொண்டுவந்து இறக்கியது. அவ்வழியே வந்த மருத்துவர் ஒருவர் அதைப் பயன்படுத்த, முதியவர் பிழைத்தார்.

வீட்டு வாசலில்

இவ்வளவு கணக்கிட்டும் எட்டாத ஒரு பெரும்பகுதி உண்டு. சியாட்டில் கணக்கில் பொது இடங்களில் விழுந்தோர் 16 விழுக்காட்டினரே என்பதை முன்னரே கண்டோம். எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் தம் வீட்டில் விழுந்தவர்கள். உலகின் பல நகரங்களிலும் நிலைமை இதை ஒத்தே இருக்கிறது. வணிக வளாகத்துக் கருவியால் வீட்டுக் கூடத்தில் விழுந்தவருக்குப் பயனில்லை.

தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர் இதற்குத் தன் வாழ்விட அமைப்பிலிருந்தே ஒரு வழி கண்டது. அங்கே பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். 2015இல் தொடங்கப்பட்ட திட்டத்தின்படி, இரண்டு அடுக்குமாடிகளுக்கு ஒன்று என்ற கணக்கில் மின்தூக்கி முகப்புகளில் கருவிகள் பொருத்தப்பட்டன. அதே ஆண்டில் குடிமைத் தற்காப்புப் படை ஒரு கைப்பேசிச் செயலியையும் அறிமுகம் செய்தது. அருகில் எவருக்கேனும் இதய நிறுத்தம் நேர்ந்ததாக அழைப்பு வந்தால், 400 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலர்களின் கைப்பேசியில் அச்செய்தி ஒலிக்கும். மிக அருகில் உள்ள கருவி எது என்பதையும் செயலி காட்டும். ஒருவர் மின்தூக்கி முகப்பை நோக்கி விரைகையில் மற்றொருவர் நேரே அவ்வீட்டை அடைந்து மார்பை அழுத்தத் தொடங்கலாம். அந்த முகப்புக்குக் கதவு கிடையாது.